ஒரு பல்லு தள்ளிப்போன கதை

எங்க வீட்டில் பதினாலு வருஷம் ஒரு ஆம்னி வேன் இருந்தது. 1998 மாடல். நான் 2006-ல் வாங்கும்போதே மூணாவது கை. வெள்ளைக் கலர்னு ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும். நான் வாங்கும்போது பழுப்பு, விக்கும்போது பாதிக்கு மேல செம்மண் கலர்.

டவுனில் இருக்கறவங்களுக்கு ஆம்னின்னா பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைச்சுக்கிட்டுப் போற வண்டி, இல்லேன்னா சினிமாவில் ஆள் கடத்துற வண்டி. எங்களுக்கு அது பாரவண்டி. நடு சீட்டைக் கழட்டிட்டா கத்தரிக்காய் பத்துக் கூடை ஏறும். திரும்ப மாட்டினா கல்யாணத்துக்கு எட்டுப் பேர், நெருக்கினா பத்துப் பேர். மாருதிக்காரங்க இதை 1984-ல் கொண்டுவந்தாங்க, 2019-ல் நிறுத்திட்டாங்க. நிறுத்தின சேதி கேட்ட அன்னைக்கு எங்க ஊர் டீக்கடையில் ஏதோ பெரிய மனுஷன் செத்த மாதிரி பேசிக்கிட்டோம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி எங்கேன்னு கேக்கறவங்களுக்கு: சேலத்துக்கு வடக்கே, கோரிமேடு பக்கம், ஏற்காடு மலைக்குக் கீழே. எங்க களத்தில் நின்னு நிமிர்ந்தா மலைதான். காத்தால நாலரைக்குக் கிளம்பினா அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு ஐந்து மணிக்குள் போய் இடம் பிடிச்சிடலாம். அந்தச் சந்தை ஏற்பாடு 1999 நவம்பர் 14-ல் மதுரையில் ஆரம்பிச்சது, அப்புறம் எங்க பக்கமும் வந்தது. போட்டோ ஒட்டின அட்டை இருந்தா நம்ம காயை நாமே விக்கலாம், நடுவில் ஆள் கிடையாது. அந்த அட்டையும் இந்த ஆம்னியும்தான் என் பிள்ளைகளைப் படிக்க வெச்சது.

கதை நடந்தது 2017-ல்.

அந்த வருஷம் சித்திரையில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் தம்பி (பேர் வேண்டாம், இப்பவும் எங்களுக்கு வேண்டியவர்) பார்த்துட்டு, "அண்ணா, டைமிங் பெல்ட் காஞ்சு போச்சு. ஓரத்துல வெடிப்பு விட்டிருக்குது. அறுந்தா நடுரோட்டுல நிப்பீங்க. மாத்திடலாம்" என்றார். கூலி 1500 சொன்னார். எனக்கு அவர் மேல் ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல். போன தடவை சைலன்சர் வேலைக்கு நாலு நாள் இழுத்தடிச்சார், நாலு நாளும் வாடகை டெம்போவில் காய் போச்சு. "அப்புறம் பார்க்கலாம் தம்பி"ன்னு சொல்லி வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஜியோ வந்த புதுசு அது. எங்க வீட்டில் எல்லாரும் போனும் கையுமா இருந்த வருஷம். என் பையன் ஒரு வீடியோவைக் காட்டினான். ஒரு இந்திக்காரர் இதே ஆம்னிக்கு இதே பெல்ட்டை இருபது நிமிஷத்தில் மாத்தறார். பேசறது ஒண்ணும் புரியலை, கை செய்யறது புரிஞ்சுது. கிணத்து மோட்டாரைக் கழட்டி மாட்டத் தெரியும். ஆயில் எஞ்சின் காலத்தில் அதைப் பிரிச்சு வால்வு தேய்ச்சிருக்கேன். இதென்ன பெரிய கம்பசூத்திரம்னு நினைச்சேன். பெல்ட் 450 ரூபாய். மிச்சம் 1500-க்கு ரெண்டு மூட்டை உரம்.

ஆம்னிக்கு எஞ்சின் எங்கே இருக்குன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஓட்டற ஆளோட சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கினா எஞ்சின். 796 சிசி, மூணு சிலிண்டர். என் வண்டியில் கார்பரேட்டர். அதுக்கப்புறம் புகைக் கட்டுப்பாடு வந்து, பின்னாடி வந்த வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டரும் இன்ஜெக்‌ஷனும் ஆயிருச்சு. வெயில் காலத்தில் ஓட்டினா கீழே அடுப்பு எரியற மாதிரி இருக்கும். அந்தச் சூட்டுக்காகவே என் சம்சாரம் முன் சீட்டில் உட்கார மாட்டாள்.

பெல்ட்டோட வேலை என்னன்னா, கீழே சுத்தற கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடற கேம் தண்டையும் ஒண்ணாச் சேர்த்துச் சுத்த வைக்கறது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. பெல்ட்டுக்கு உள்பக்கம் பல்லு இருக்கும், அது கியரோட பல்லில் உட்காரும். முறைத் தண்ணி பாய்ச்சற ஊரில் இருந்தவங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். வாய்க்காலில் உங்க முறை ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்கு மடையைத் திறக்கணும். ஏழு மணிக்குத் திறந்தா தண்ணி பாதி போயிருக்கும். முறை முடிஞ்சும் மடையை அடைக்காம விட்டா வயலில் ஏறின தண்ணி திரும்ப வாய்க்காலுக்கே இறங்கும். வால்வுன்னா மடை. பெல்ட்டுதான் முறைக்காரன்.

இதெல்லாம் இப்போ தெரியுது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது குறிக்குக் குறி சேர்க்கணும் என்பது மட்டும்தான். களத்து மேட்டில் முன் சக்கரம் ரெண்டையும் ஏத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கீழே சாக்கு விரிச்சுப் படுத்தேன். கியரில் குறி இருக்கு, அது எண்ணெய் அழுக்கில் மங்கிக் கிடந்தது. எதுக்கு வம்புன்னு பழைய பெல்ட் இருக்கும்போதே சாக்பீஸால் கியருக்கும் பின்தகட்டுக்கும் நேர்நேராக் கோடு போட்டுக்கிட்டேன். அதுதான் முதல் தப்பு. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, புது பெல்ட்டை மாட்டற நேரத்துக்குக் கோடு விரல் தடிமனுக்குப் பரவிருச்சு. அந்தத் தடிமனுக்குள்ள எங்கே வெச்சாலும் சரியாத்தான் தெரியும். ரெண்டாவது தப்பு, பெல்ட்டை இறுக்கற உருளையை முடுக்கினதும் மூடியைப் போட்டுட்டேன். கையால் கிராங்க்கை ரெண்டு சுத்து சுத்தி, குறி திரும்பச் சேருதான்னு பார்க்கணும். வீடியோவில் அந்த ஆள் அதைச் செஞ்சார். என்னமோ பேசிக்கிட்டே சுத்தினார். நான் அது சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சேன்.

சாவியைத் திருப்பினேன். ஒரே முடுக்கில் ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்சம் தடுமாறி ஓடிச்சு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன், சத்தம் வழுவழுன்னு ஆயிருச்சு. முடுக்கிட்டேன். சம்சாரம் டீ கொண்டாந்தா. "என்ன சொல்றே"ன்னு அவளைப் பார்த்தேன். "கையைக் கழுவிட்டு குடிங்க"ன்னு சொன்னா.

மறுநாள் காத்தால சந்தைக்குப் போகும்போதே கோளாறு தெரிஞ்சுது. கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஏத்தம், எப்பவும் மூணாவது கியரில் ஏறும். அன்னைக்கு ரெண்டாவது கேட்டது. மெக்கானிக் பாஷையில் பிக்கப் இல்லை. எஞ்சின் சத்தம் நல்லா இருக்கு, நின்னா சீரா ஓடுது, மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. ஆனா இழுவை இல்லை. பழைய காளைக்கு நுகத்தடி வெச்ச மாதிரி, நடக்குது ஆனா மனசில்லை.

அடுத்த ஒன்றரை மாசம் நான் செஞ்சதை நினைச்சா இப்போ சிரிப்பு வரும், அப்போ வரலை. முதலில் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். வேற பங்க்கில் போட்டேன். அப்புறம் பெட்ரோல் பில்டர் மாத்தினேன். ஏர் பில்டரைத் தட்டி ஊதினேன். பிளக் மூணும் புதுசு. காயில் புதுசு. கார்பரேட்டரைக் கழட்டி ஜெட்டுகளை எல்லாம் ஊதி மாட்டினேன். ஒருவேளை பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதோன்னு, சமதளத்தில் நிறுத்தி நியூட்ரலில் தள்ளிப் பார்த்தேன், சுலபமா உருண்டது. கிளட்ச் வழுக்குதோன்னு கைபிரேக்கைப் போட்டு மூணாவது கியரில் கிளட்ச்சை விட்டேன், எஞ்சின் பட்டுன்னு நின்னுச்சு, அப்போ கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. மூணு சிலிண்டரில் ஒண்ணு வேலை செய்யலையோன்னு ஓடும்போது பிளக் ஒயரை ஒண்ணொண்ணாப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் ஒரே அளவுக்குத் தள்ளாடிச்சு. மூணும் வேலை செய்யுது. மூணும் ஒரே அளவுக்கு சோம்பேறியா இருக்கு.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிஞ்சிருக்கணும். மூணு ஆள் ஒரே நாளில் ஒரே அளவு சோம்பினா, குத்தம் மூணு பேர் மேல இல்லை, மூணு பேரையும் வேலைக்கு அனுப்பறவன் மேல. இன்னும் ரெண்டு அடையாளமும் கண்ணுக்கு எதிரே இருந்தது. ஒண்ணு, முதல் கியரில் அலற விட்டா வண்டி ஓரளவு ஓடும், மெதுவான ஓட்டத்தில் இழுன்னாத்தான் இழுக்காது. ரெண்டாவது, ஏர் பில்டரைக் கழட்டிட்டு ஓடவிட்டப்போ கார்பரேட்டர் வாயில் பனி மாதிரி பெட்ரோல் தெறிச்சது. உள்ளே போக வேண்டியது வெளியே வருது. மடையை நேரத்துக்கு அடைக்கலைன்னு அர்த்தம். நான் அதைப் பார்த்துட்டு, கார்பரேட்டருக்குப் புது கேஸ்கட் வாங்கப் போனேன்.

பெல்ட் ஞாபகம் வரலையான்னு கேட்டா, வந்தது. பொய் சொல்லக்கூடாது, ராத்திரி படுத்தா முதல்ல வர்ற ஞாபகமே அதுதான். காத்தால எழுந்தா வேற ஏதாவது சாமான் வாங்கக் கிளம்பிடுவேன். அந்த ஒன்றரை மாசத்தில் நான் செலவு பண்ணினது 2300 சொச்சம். கூலி மிச்சம் பிடிச்ச 1500-ஐ விட அதிகம். மைலேஜ் வேற லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குறைஞ்சு போச்சு. அந்தக் கணக்கை நான் எழுதவே இல்லை.

ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காத்தால ஒன்பது மணிக்கு ஏற்காட்டிலிருந்து மச்சான் போன். அவர் அங்கே காய்கறிக் கடை வெச்சிருக்கார், மாமியார் அவரோடதான் இருந்தாங்க. "மாமா, அம்மா குளிக்கிற ரூமுல வழுக்கி விழுந்துட்டாங்க. காலை ஊன முடியலை. இங்க டாக்டர் பார்த்துட்டு இடுப்பு எலும்பு மாதிரி தெரியுது, சேலம் கொண்டு போயிருங்கன்னுட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

நான் சொன்னேன், "ஆம்புலன்ஸ் எதுக்கு? நான் வர்றேன். முக்கால் மணி நேரம். வண்டியில மெத்தை போட்டுக் கொண்டு வந்தர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன். மாமியார் வீட்டுக் காரியம்னா மாப்பிள்ளை வண்டிதான் போகணும் என்கிற கெத்து ஒண்ணு. வண்டியில் கோளாறு இல்லைன்னு எனக்கு நானே காட்டிக்கணும் என்கிறது இன்னொண்ணு. இடுப்பெலும்பு உடைஞ்சவங்களை அசையாம ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டு போகணும், ஆம்னியில் உருட்டி ஏத்தக்கூடாதுன்னு அப்புறம் ஆஸ்பத்திரியில் சொன்னாங்க. படிக்கிற நீங்க யாரும் அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. மச்சான் நான் சொன்னதை நம்பி ஆம்புலன்ஸைக் கூப்பிடலை.

நடு சீட்டைக் கழட்டி இலவம்பஞ்சு மெத்தையை விரிச்சுக் கிளம்பினோம். சம்சாரம் அன்னைக்கு முன் சீட்டில் உட்கார்ந்தா.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு இருபது கிலோமீட்டர் சொச்சம். கொண்டை ஊசி வளைவு இருபது, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்கும். சேலம் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே போகப் போகக் காத்து மெலிசு ஆகும், அதனால எஞ்சினுக்கும் மூச்சு குறையும். ஆயிரம் அடிக்கு நூத்துக்கு மூணு பங்கு சக்தி போகும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. ஏற்காட்டு உச்சியில் நூத்துக்குப் பதினஞ்சு போயிருக்கும். ஆம்னிக்கு மொத்தமே 35 குதிரை சக்திதான். அதில் அஞ்சு போனா முப்பது. இந்தக் கணக்கை எனக்கு நானே சொல்லிக்கிட்டே ஏறினேன். இரண்டாவது வளைவிலேயே முதல் கியர் கேட்டது. "மலைன்னா அப்படித்தான்"னு சம்சாரத்துக்குச் சொன்னேன். அவள் கேக்கவே இல்லை.

ஆனா இதே வண்டி இதே மலையில் ஆறு பேரையும் ரெண்டு பலாப்பழத்தையும் ஏத்திக்கிட்டு ரெண்டாவது கியரில் போயிருக்கு. அவளுக்கும் அது தெரியும். அன்னைக்கு அந்த வண்டியில் ரெண்டு பேரும் ஒரு மெத்தையும்தான்.

அஞ்சாவது வளைவு தாண்டினதும் சூட்டு முள் ஏற ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை, பின்னாடி டூரிஸ்ட் கார்கள் வரிசையா ஹாரன் அடிக்குது. ஏழாவது வளைவில் திரும்பும்போது வேகம் செத்துப் போச்சு. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிச்சேன், வண்டி பெருமூச்சு விட்டுது, நின்னுருச்சு. சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி. கல்லைத் தேடிப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தது ஒரு கார்க்காரப் பையன், சென்னைப் பதிவு. அவனே தண்ணி பாட்டிலும் கொடுத்தான். சூடு ஆறாம மூடியைத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி பாட்டிலைக் கையில் வெச்சுக்கிட்டு நின்னேன்.

மச்சானுக்கு போன் பண்ணி ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னது என் சம்சாரம். நான் இல்லை. அவள் போனை வாங்கிப் பேசி முடிச்சுட்டு, ரோட்டோரச் சுவரில் போய் உட்கார்ந்துட்டா.

எவ்வளவு நேரம்னு கணக்கு வெச்சுக்கலை. ஒண்ணே கால் மணி நேரம் இருக்கும். ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டி மேலே போச்சு. அது போற சத்தம் ஒவ்வொரு வளைவாக் கேட்டுக்கிட்டே இருந்தது. அப்புறம் அதே சத்தம் மேலே இருந்து இறங்கிச்சு. எங்க பக்கத்தில் வந்து நின்னுது. பின்கதவு திறந்தது. மச்சான் கை கொடுத்தார், சம்சாரம் ஏறினா. ஏறிட்டுத் திரும்பி, "நீங்க வண்டியைப் பார்த்துட்டு வாங்க" என்றாள். கோபமாச் சொல்லலை. கோபமாச் சொல்லியிருந்தா பரவாயில்லையேன்னு இருந்தது. உள்ளே இருந்து மாமியார் குரல் கேட்டது, "மாப்ள வரலயா?"

கதவைச் சாத்திட்டாங்க.

மாமியாருக்கு ஆபரேஷன் ஆச்சு. உள்ளே தகடு வெச்சாங்க. எங்களால தாமதமானது ரெண்டு மணி நேரம். அதனால கேடு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னார். ஆனா அந்த ரெண்டு மணி நேரமும் அவங்க வலியில் கத்திக்கிட்டு இருந்தாங்கன்னு மச்சான் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னது எனக்கு ஆறுதலா இல்லை. வீட்டில் நாலு நாள் யாரும் வண்டி பேச்சை எடுக்கலை. சோறு போட்டாங்க, சாப்பிட்டேன்.

அஞ்சாவது நாள் காத்தால நானே வண்டியை மெக்கானிக் தம்பிகிட்ட ஓட்டிக்கிட்டுப் போனேன். அவர் ஸ்பேனரை எடுக்கலை. டீ சொன்னார். "கடைசியா நல்லா ஓடுனது எப்பங்ணா? அதுக்கப்புறம் என்ன வேலை பார்த்தீங்க?"

நான் பட்டியல் போட்டேன். பிளக், காயில், கார்பரேட்டர், கேஸ்கட், பில்டர். எல்லாத்தையும் சொன்னேன். அதைத் தவிர.

அவர் சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சார். எந்தச் சாமானையும் தொடலை, பார்த்துக்கிட்டே இருந்தார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் விரல் வெச்சார். "இதை யாருங்ணா திருப்புனது?" இருபது வருஷ எண்ணெய் அழுக்கு போல்ட்டைச் சுத்தி வட்டமாப் படிஞ்சிருக்கு. அந்த வட்டத்துக்கு நடுவில் இருக்க வேண்டிய போல்ட், துளையோட ஒரு ஓரத்துக்குத் தள்ளிக் கிடந்தது. வெளிச்சத்தில் பார்த்தா பொட்டு வெச்சு அழிச்ச நெத்தி மாதிரி பளிச்சுன்னு தெரியுது. ஒன்றரை மாசம் அந்தச் சீட்டைத் தூக்கித் தூக்கி மூடியிருக்கேன்.

"நான்தான்" என்றேன்.

"எதுக்குத் திருப்புனீங்க?"

"ஸ்டார்ட் பண்ணப்போ தடுமாறிச்சு."

"எதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணப்போ?"

டீ கிளாஸைக் கீழே வெச்சேன். "பெல்ட் மாத்தினதுக்கப்புறம்."

அவர் சிரிக்கலை. அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "சரி, பார்த்துருவோம்"னு பிளக் மூணையும் கழட்டினார். காயில் ஒயரைப் பிடுங்கிட்டு, பிளக் துளையில் மீட்டரை வெச்சுக்கிட்டு, என்னை ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் சிலிண்டர் 120. ரெண்டாவது 118. மூணாவது 122. பெட்ரோல் எஞ்சினில் 150 தாண்டணும். துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தார். ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் விட்டதும் அளவு ஏறும், ஏறலை. "ரிங் போனா மூணும் இப்படி ஒத்துமையாப் போகாதுங்ணா. வால்வு டைமிங்தான்."

மூடியைக் கழட்டி, கிராங்க்கைக் கையால் சுத்திக் குறிக்குக் கொண்டு வந்தார். மண்ணெண்ணெய்த் துணியால் கேம் கியரைத் துடைச்சார். சாக்பீஸ் இல்லாத, கம்பெனிக்காரன் வெட்டின நிஜக் குறி வெளியே வந்தது. பின்தகட்டுக் குறிக்கு ஒரு பல்லு பின்னாடி நின்னுது. ஒரே ஒரு பல்லு. அரை விரல் அகலம்கூட இல்லை.

அவர் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். இறுக்கற உருளை இல்லாத பக்கத்தில் பெல்ட் தொளதொளன்னு இருந்திருக்கு. நான் சுத்திப் பார்க்காம முடுக்கிட்டேன். முதல் தடவை எஞ்சின் சுத்தினதும் அந்தத் தொய்வு இந்தப் பக்கம் ஓடிவந்து, கேம் ஒரு பல்லு பின்தங்கிருச்சு. ஒரு பல்லுன்னா கிராங்க் கணக்கில் பதினஞ்சு இருபது டிகிரி. வால்வு லேட்டாத் திறந்து லேட்டா மூடுது. பிஸ்டன் மேலே ஏறி அமுக்கற நேரத்தில் வால்வு இன்னும் திறந்திருக்கு, உறிஞ்சின பெட்ரோல் காத்தில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போகுது. வேகமாச் சுத்தும்போது காத்துக்கு ஓட்டம் இருக்கறதால அவ்வளவா தெரியாது, மெதுவா சுத்தும்போதுதான் தெரியும். ஏத்தம் ஏற வேண்டியது அந்த மெதுவான ஓட்டத்தில்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர்? அதுவும் அதே கேம் தண்டிலிருந்துதான் சுத்துது. கேம் பின்தங்கினா பொறியும் பின்தங்கும். அதனாலதான் முதல்ல தடுமாறிச்சு. தடுமாறினது எஞ்சின் எனக்குச் சொன்ன சேதி. நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை மட்டும் நேர் பண்ணி, அந்தச் சேதியோட வாயைப் பொத்திட்டேன். அதுக்கப்புறம் நின்ன இடத்தில் நல்லா ஓடிச்சு, எல்லாம் சரின்னு நம்பிட்டேன். "நீங்க திருப்பாம அப்படியே கொண்டு வந்திருந்தா பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேங்ணா" என்றார். சில வண்டிகளில் பெல்ட் இன்னும் பிசகினா வால்வும் பிஸ்டனும் மோதி, மொத்தச் செலவும் தலைக்கு வந்துரும்னும் சொன்னார்.

பிறகு அவர் செஞ்ச காரியத்தை நான் எதிர்பார்க்கலை. ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "நீங்களே மாட்டுங்க. நான் டார்ச் அடிக்கிறேன்."

மாட்டினேன். உருளையைத் தளர்த்தி, குறிக்குக் குறி சேர்த்து, கிராங்க்கை ரெண்டு முழுச் சுத்து கையால் சுத்தினேன். கேம் அதே இடத்துக்கு வர கிராங்க் ரெண்டு சுத்தணும், அதுக்குத்தான் ரெண்டு. இந்திக்காரர் இதைத்தான் சொல்லியிருக்கார். குறி சேர்ந்தது. அப்புறம்தான் முடுக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைப் பழைய வட்டத்துக்குள் கொண்டு வந்தேன். திரும்ப மீட்டர் வெச்சப்போ மூணும் 150-க்கு மேல. 300 ரூபாய் வாங்கினார். 1500 கொடுத்தேன், மிச்சத்தைச் சட்டைப் பையிலேயே திருப்பி வெச்சுட்டார். சைலன்சர் வேலையில் இழுத்தடிச்ச அந்த நாலு நாள் அவர் மகளுக்கு டெங்கு காய்ச்சல்னு அன்னைக்குத்தான் பேச்சுவாக்கில் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

ரெண்டு மாசம் கழிச்சு மாமியாரை எங்க வீட்டிலிருந்து ஏற்காட்டுக்குத் திரும்பக் கொண்டு விட வேண்டியிருந்தது. வாக்கர் வெச்சு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. கார் வெச்சுக்கலாமான்னு நான் கேட்டேன். சம்சாரம் ஒண்ணும் சொல்லாம வாக்கரைக் கொண்டுபோய் ஆம்னிக்குள்ள வெச்சா. இந்தத் தடவை பின்னாடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துட்டா.

ரெண்டாவது கியர். அஞ்சாவது வளைவு, ஆறாவது வளைவு. கண்ணாடியில் பார்த்தேன், சம்சாரம் வெளியே பார்த்துக்கிட்டிருக்கா. ஏழாவது வளைவில் திரும்பும்போது அவள் உட்கார்ந்திருந்த சுவரைத் தாண்டினோம். வண்டி நிக்கலை.

"இங்கதான நின்னீங்க?"ன்னு மாமியார் கேட்டாங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியலை.

"ஆமாங்க அத்தை."

"என்ன ஆச்சு அன்னைக்கு?"

"பெல்ட்டுங்க அத்தை. நான்தான் சரியாப் போடலை."

அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பெல்ட்டு போடாம வண்டி ஓட்டக்கூடாதுன்னு டிவியில தினமும் சொல்றானே மாப்ள" என்றாங்க.

பின்னாடி சம்சாரம் சிரிக்கிற சத்தம் கேட்டது. ரெண்டு மாசத்துக்கு அப்புறம்.

எட்டாவது வளைவு வந்துருச்சு, நான் ஹாரன் அடிச்சுத் திருப்பினேன்.